துளசிமணி நின்ற காட்சி

அந்தப் படத்தை இன்டர்வெல்லோட நிறுத்திக்குங்க சார். தப்பா நினைக்காதீங்க, அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லைதான். பக்கத்து சீட்டுன்னதும் கண்ணு தானாப் போயிருச்சு. அதுக்கு மேல பாத்தீங்கன்னா ஃப்ரெண்டு செத்துருவான், ஹீரோ மழையில நின்னு கத்துவான், அப்புறம் ஒரு மணி நேரம் வெட்டு. ரத்த வங்கியில கூட அவ்வளவு ரத்தம் இருக்காதுங்க. கதையச் சொல்லிட்டானேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க பொழுதை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கறேன்.

பேரு கிட்டுசாமிங்க. கோபிக்குப் பக்கத்துல ஊரு. கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. மாட்டுக்கு ஊசி போடறவன்தான், ஆனா ஊருக்குள்ள டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. அது கெடக்கட்டும். நமக்கு உசிரு சினிமா. வாரத்துக்கு மூணு படம். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி கோபியில, அங்க நல்ல படம் இல்லைன்னா சத்தி, அங்கயும் இல்லைன்னா ஈரோடு. மிச்சம் வீட்டு டீவியில.

சும்மா பாத்துட்டுப் போறவன் இல்லீங்க. பாத்துட்டு டைரக்டருக்கு எழுதுவேன். முன்னால கடுதாசி, இப்ப வாட்சப். நம்பரை எப்படியாவது புடிச்சுருவேன். ஒருத்தர் கும்பிடற கை பொம்மை ஒண்ணு அனுப்பினாரு. இன்னொருத்தர், பேரு வேண்டாம், பேரு சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்க, என்னை பிளாக் பண்ணிட்டாரு. உண்மை சுட்டிருக்குது.

அவர் படத்துல ஒரு சல்லிக்கட்டுக் காளை வருதுங்க. எட்டு ஊரு நடுங்குது, ஹீரோயின் திமிலைத் தொட்டுப் பாட்டுப் பாடறா. சார், அது காளையே இல்லை. காயடிச்ச எருது! க்ளோசப்புல வெச்சு வெச்சுக் காட்டறாங்க. எங்க மாட்டாஸ்பத்திரி வாட்ச்மேன் கூடச் சிரிச்சுட்டான். அதைத்தான் எழுதினேன், ரெண்டே பக்கம். பிளாக்.

இப்ப வர்ற டைரக்டருங்கள்ல மூணு சாதி இருக்குதுங்க. ஒருத்தன், ஹீரோ செருப்பு மாட்டறதையே நாலு நிமிஷம் ஸ்லோ மோஷன்ல காட்டறவன். இன்னொருத்தன், ஒரு கதைக்கே வழியில்லாம ரெண்டு பார்ட் எடுக்கறவன். மூணாவது ஆளு விருது வாங்கறவன். அவன் கேமராவை நட்டு வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடறான். ஒரு ஆளு உக்காந்திருப்பான், மின்விசிறி சுத்தும், உக்காந்தே இருப்பான். நாமளும் உக்காந்தே இருக்கோணும். ஆனா மூணு பேருக்கும் பொதுவா ஒரு குறை. பொம்பளைங்களுக்குப் பேசறதுக்கே வசனம் குடுக்க மாட்டாங்க. ஹீரோ பேசிட்டே இருப்பான், அந்தப் புள்ளை கண்ணை விரிச்சுக் கேட்டுட்டு நிக்கும். 'பெண் பாத்திரங்களுக்கும் மனசு உண்டு, அதைப் பேச விடுங்கள்' அப்படீன்னு நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் தெரியுங்களா? கணக்கே இல்லை.

எங்க வீட்டுல அம்மிணி, எம் பொண்டாட்டிதான், பேரு துளசிமணி. அதுக்கு சினிமா ஞானம் கிடையாதுங்க. கல்யாணமான புதுசுல கூட்டீட்டுப் போவேன். அதுக்குப் புரியோணுமேன்னு படம் ஓட ஓட ஒவ்வொரு காட்சியா விளக்கிச் சொல்லுவேன். முன்னாடி சீட்டுக்காரன் திரும்பித் திரும்பிப் பாப்பான், அவனுக்கும் பிரயோஜனமா இருந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் கால் வலிக்குதுன்னுச்சு. அடுத்த வாரமும் கால் வலி. சரின்னு விட்டுட்டேன். ஆனா வீட்டுக்கு வந்ததும் கதை முழுக்கச் சொல்லிருவேன். அந்தக் குறை வெச்சதில்லை.

இப்படி இருக்கையில, போன மாசி மாசம், எங்க ஊருக்கே ஒரு படக் கம்பெனி வந்துருச்சுங்க.

டைரக்டர் ஒரு பொம்பளைப் புள்ளை. பேரு செம்மலர். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். முதல் படம். கதை என்னன்னா, ஒரு குடும்பம், ஒரு மாடு, மக காலேஜுக்குப் போகோணும்ங்கறா, அப்பன் விட மாட்டேங்கறான். அவ்வளவுதான். மாட்டுக் கட்டுத்தறியோட ஒரு ஓட்டு வீடு வேணும்னு தேடி, எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் ஒரு கண்டிஷன் போட்டேன். வீடு தர்றேன், ஆனா ஷூட்டிங் நடக்கறப்ப நான் கூட இருப்பேன், என் கருத்தைச் சொல்லுவேன். அந்தப் புள்ளை சிரிச்சுட்டு, "கண்டிப்பா சொல்லுங்கய்யா"ன்னுச்சு.

முதல் நாளே சொன்னேன். மாடு கன்னு போடற காட்சி. காங்கேயம் மாடு கொண்டாந்திருக்காங்க, பக்கத்துல வெள்ளை வெளேர்னு ஒரு கன்னுக்குட்டி. நான் நேராப் போய், "அம்மா, காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் போனாத்தான் நிறம் மாறும், இது பொறந்த கன்னு இல்லை, பள்ளிக்கூடம் போற வயசு"ன்னேன். எல்லாரும் என்னையப் பாத்தாங்க. அந்தப் புள்ளை ஷூட்டிங்கை நிறுத்திட்டு, அடுத்த நாளு செவலைக் கன்னு தேடிக் கொண்டாந்து எடுத்துச்சுங்க. அதுக்கு நான் தலை வணங்கறேன். சொன்னதைக் கேட்ட ஒரே டைரக்டர்.

கேட்டுட்டாங்கன்னதும் நமக்கும் ஒரு பொறுப்பு வந்துருதுல்ல? லைட்டு எங்க வெக்கறது, அந்தப் பொண்ணு எப்படி அழுகறது, கேமரா எதுக்கு இவ்வளவு கிட்டக்க வருது, எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டாம் நாளே எனக்குன்னு தனியா ஒரு ஆளைப் போட்டுட்டாங்க. தினகர்னு ஒரு அசோசியேட் டைரக்டர். அவருக்கு வேலையே என் கருத்துகளைக் கேட்டு எழுதிக்கறதுதான். 'ரெடி'ன்னு சத்தம் வந்ததும் என் தோள்ல கையைப் போட்டு, "வாங்கய்யா, வாய்க்கால் பக்கம் நடந்துட்டே பேசலாம்"னு கூட்டீட்டுப் போயிருவாரு. பன்னண்டு நாள் ஷூட்டிங்ல மிச்சம் பதினோரு நாளும் வாய்க்கால் கரைதான். அவ்வளவு கவனிப்பு.

ஒம்பதாவது நாளு. அம்மா வேஷத்துக்கு, ஒரே ஒரு காட்சிதான், சென்னையில இருந்து வரவேண்டிய நடிகை வரலைங்க. வேற படத்துல மாட்டிக்கிச்சாம். எல்லாரும் கையப் பிசைஞ்சுட்டு நின்னாங்க. நான் தினகர்கிட்ட அம்மா பாத்திரங்கள் தமிழ் சினிமால எப்படிச் சீரழிஞ்சுதுன்னு சொல்லிட்டே கரையில ரெண்டு மைல் போயிட்டேன். திரும்பி வர்றப்ப ஏதோ ஒரு வழியாச் சமாளிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சுது. செம்மலர் கண்ணைத் துடைச்சுட்டு இருந்துச்சு. கேமராக்காரர் எந்திரிச்சுப் போய்த் தனியா நின்னாரு. துளசிமணி அடுப்படியில சோத்தை வடிச்சுட்டு இருந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கலைங்க. தினகர்கிட்டச் சொல்லாம விட்டது இன்னும் நாலு பாயிண்ட் இருந்துச்சு.

அப்புறம் ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆயிப் போயிட்டாங்க. ஏழு மாசம் கழிச்சுப் படம் வந்துச்சு. கோபியில காலைக் காட்சி. "வர்றயா?"ன்னு கேட்டேன். "கால் வலிக்குதுங்க"ன்னுச்சு.

போய் உக்காந்தேன். எங்க வீடு, எங்க கட்டுத்தறி, செவலைக் கன்னு. எல்லாம் வருது. ஒரு முக்கா மணி நேரம் போயிருக்கும். படத்துல அப்பன் நாற்காலியில உக்காந்து பேப்பரை வெச்சுட்டு உலக நடப்பெல்லாம் பேசறான். எதிர்ல ரெண்டு பேரு கேட்டுட்டு இருக்காங்க. கேமரா மெதுவா அக்கட்டத் திரும்புது. அடுப்படி வாசல்ல, கையில காப்பி டம்ளரோட, நிக்கறது யாருங்கறீங்க?

எங்க துளசிமணி.

நிக்குது. என்னமோ சொல்ல வாயெடுக்குது. அந்தாளு பேசறான். வாயை மூடிக்குது. மறுபடி வாயெடுக்குது. அவன் கையைத் தூக்கி 'இரு'ங்கறான். நிக்குது. காப்பியில ஆடை கட்டுது சார். அது தெரியுது. அதையே பாத்துட்டு நிக்குது. அப்புறம் திரும்பி உள்ள போய், அந்தக் காப்பியை நின்னுட்டே அதுவே குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வெக்குது. அவ்வளவுதான். ஒண்ணே முக்கால் நிமிஷம். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு கட் கிடையாது.

கொட்டாயில எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா முந்தானையை வாயில வெச்சுட்டு அழுகுது. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. நீங்களே சொல்லுங்க, ஒரு பாத்திரம் என்னமோ சொல்ல வந்துச்சுன்னா, என்ன சொல்ல வந்துச்சுன்னு ஆடியன்ஸுக்குச் சொல்ல வேண்டாமா? அது திரைக்கதைல ஓட்டைதானே? அந்த அப்பன் பாத்திரமும் செயற்கைங்க. பொண்டாட்டி வந்து நிக்கறதைக் கூடப் பாக்காம எந்த மனுசன் அவ்வளவு நேரம் பேசுவான்? நம்பற மாதிரியே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். "ஏ துளசி, படத்துல நீ வர்றயே?"ன்னேன்.

"ஆமாங்க."

"சொல்லவே இல்லை?"

"சொல்லலாம்னு வந்தேனுங்க. நீங்க பேசிட்டு இருந்தீங்க."

ஏழு மாசமாங்க! ஊருக்கே தெரிஞ்சிருக்குது. பால் சொசைட்டிக்காரனைப் புடிச்சு, "நீயாவது சொல்லக்கூடாதாடா?"ன்னேன். "டாக்டர், நீங்க எங்க வாயத் தொறக்க விடறீங்க?"ங்கறான். பேச்சைப் பாருங்க.

சரின்னு மறுபடி அம்மிணிகிட்ட வந்து, "அந்தக் காட்சியில நீ என்ன சொல்ல வந்தே? டைரக்டர் என்ன சொல்லிக் குடுத்துச்சு?"ன்னு கேட்டேன். ஒரு விமர்சகனாக் கேட்டேன், புருஷனா இல்லை.

"அந்தப் புள்ளை ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. நிஜமா உங்களுக்குச் சொல்ல முடியாமப் போன விஷயம் ஏதாவது இருந்தா அதை நினைச்சுட்டு நில்லுங்கம்மான்னுச்சு. நின்னேன்."

"நீ என்ன நினைச்சே?"

"பால் கறக்கோணுங்க, நேரமாச்சு"ன்னு எந்திரிச்சுப் போயிருச்சு.

அப்புறம் பாக்கோணுமே. பத்திரிகையில, போன்ல, எங்க பாத்தாலும் அந்த ஒண்ணே முக்கால் நிமிஷம்தான். கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் வந்தாங்க. ஒறம்பரைக, சொந்தபந்தமெல்லாம் படையெடுத்து வந்து போட்டோ எடுத்தாங்க. நாப்பது வருஷமா சினிமாவுக்கு உழைச்சவன் நானு. என்னைய, "துளசிமணியம்மா வீட்டுக்காரருங்களா? கொஞ்சம் நகந்துக்குங்க"ங்கறான் ஒரு போட்டோக்காரன்.

நான் செம்மலருக்குப் பதினோரு பக்கம் எழுதினேன். அந்தக் காட்சியில இருக்கற குறைகளை வரிசையா. அந்தப் புள்ளை பதில் போட்டுச்சுங்க. இருங்க, போன்லயே இருக்குது, காட்டறேன். படிச்சுப் பாருங்க. 'ஐயா, நீங்கள் இல்லையென்றால் அந்தக் காட்சியே இல்லை. நன்றி.' பாத்தீங்களா? வாய்க்கால் கரையில தினகர்கிட்டச் சொன்னதெல்லாம் வீண் போகலை. இதை ஒரு நாப்பது பேருக்குக் காட்டியிருப்பேன். படிச்சுட்டு எல்லாரும் என்னைய ஒரு தரம் பாத்துட்டுப் போனைத் திருப்பிக் குடுத்துடறாங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் படத்தை நான் ஒம்பது தடவை பாத்தேன். குறை கண்டுபுடிக்கத்தான். கோபியில தூக்கிட்டாங்கன்னு சத்தியில, அங்க தூக்கிட்டாங்கன்னு ஈரோட்டுல. முதல் முக்கா மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன். அந்த இடம் வந்ததும் அது உதட்டையே பாப்பேன். என்ன வார்த்தை வருதுன்னு. முதல் எழுத்து 'அ'ங்கற மாதிரி இருக்கும். சில நாளு இல்லாத மாதிரி இருக்கும்.

ஒரு நாளு காத்தால ஒரு சோதனை பண்ணினேன். காப்பி கொண்டாந்துச்சு. நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் பேசாம உக்காந்தேன். அது நின்னுச்சு. நானும் பேசலை. அதுவும் பேசலை. ரெண்டு நிமிஷம் போச்சு. "ஏனுங்க, உடம்புக்கு என்னங்க? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"ன்னு நெத்தியில கை வெச்சுப் பாக்குதுங்க.

அப்புறம் ஐப்பசி கடைசியில ஒரு மத்தியானம். சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கறேன். எதுத்தாப்புல வந்து உக்காந்துச்சு. நிக்கலைங்க, உக்காந்துச்சு. "சென்னையில இருந்து ஒரு டைரக்டர் கூப்பிட்டாருங்க. பெரிய வேஷம். இருபது நாளு. வர்றேன்னு சொல்லிட்டேன்"ன்னுச்சு.

யாரு டைரக்டர்னு கேட்டேன். பேரைச் சொல்லுச்சு. அட, அந்த ஸ்லோ மோஷன் ஆளு! "ஐயோ, அவனா? அவன் முதல் படம் என்னாச்சு தெரியுமா, ரெண்டாவது பாதியில..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நான் இன்னும் முடிக்கலீங்க."

சத்தமாக் கூடச் சொல்லலை. முப்பத்தியேழு வருஷத்துல அந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லைங்க. கப்புனு வாயை மூடிட்டேன்.

பேசுச்சு. ஒரு மூணு மணி நேரம். எனக்கே தெரியாத சமாச்சாரம் எல்லாம். கொஞ்சம் நீளம்தான், நடுவுல ட்ரிம் பண்ணியிருக்கலாம். அது பத்தாவதுல கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கிச்சாம். டெய்லரிங் படிக்கோணும்னு இருந்துச்சாம். பையன் பொறக்கறதுக்கு முன்னால ஒண்ணு கலைஞ்சுது, அன்னைக்கு நான் எங்க போயிருந்தேங்கறது. அப்படி வரிசையா வந்து, கடைசியா அவங்க அம்மா செத்த கதைக்கு வந்துச்சு.

தொண்ணூத்தி நாலுங்க. ஞாயித்துக்கிழமை. மாமியாருக்குக் காங்கேயம் பக்கம் ஊரு. தவறிட்டாங்கன்னு பால் சொசைட்டிக்குப் போன் வந்து, ஆளு வந்து அதுகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அம்மா முகத்தை அது பாக்கலை. பஸ் கிடைக்கலைன்னுதான் நான் இத்தனை வருஷமா எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருக்கறேன்.

"பஸ் இருந்துச்சுங்க"ன்னுச்சு. "ஒண்ணரை மணி வண்டி. உங்க ஆபீஸ்காரங்க மூணு பேரு சாப்பிட வந்திருந்தாங்க. நீங்க அவங்களுக்கு ஒரு படத்தோட கதை சொல்லிட்டு இருந்தீங்க. நான் வந்து 'ஏனுங்க'ன்னேன். 'இரு, க்ளைமாக்ஸ்'னு கையக் காட்டுனீங்க. நின்னேன். நீங்க முடிக்கறப்ப வண்டி போற சத்தம் கேட்டுச்சு."

"குறுக்க சொல்லியிருக்கலாமே அம்மிணி"ன்னேன்.

"சொல்லியிருக்கோணும். ஏன் நின்னேன்னுதான் முப்பது வருஷமா யோசிக்கறேன். அந்தப் புள்ளை நில்லுங்கம்மான்னப்ப அதைத்தான் நினைச்சுட்டு நின்னேன்."

நான் ஒண்ணு கேட்டேங்க. கேட்டிருக்கக் கூடாது. வாய் பழக்கம். "எந்தப் படம்?"னு கேட்டுட்டேன்.

அதுக்கு ஞாபகம் இருந்துச்சு சார். பேரைச் சொல்லுச்சு. கதையச் சொல்லுச்சு, நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே. எந்த இடத்துல நான் கண்ணைத் துடைச்சேன்னு சொல்லுச்சு.

அது ஒரு சுமாரான படங்க. இப்பப் பாத்தா ஒரு ரீலு கூட உக்கார முடியாது.

அடுத்த வாரம் பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பிருச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஓசூர்ல இருந்து பையன் வந்து சென்னையில கொண்டு போய் விட்டுட்டு வந்தான். நான் மாட்டைப் பாத்துட்டு வீட்டுல இருந்தேன். தினமும் போன் பண்ணுவேன், அந்த டைரக்டர்கிட்ட எப்படி நடிக்கோணும்னு சொல்லிக் குடுக்க. "ஷாட் ரெடிங்க"ன்னு வெச்சுரும். போன பதினெட்டு நாள்ல பதினாலு நாளும் ஷாட் ரெடிதான். நாலு நாளா நான் எதுவும் சொல்லிக் குடுக்கலைங்க. சாப்பிட்டயான்னு கேட்டேன். மாடு சுகமா இருக்குதுன்னேன். அதுக்கு மேல பேச என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியலை.

நேத்துப் பொழுது சாயற நேரத்துல போன் பண்ணி, "இன்னும் ரெண்டு நாள் ஷூட்டிங்தானே இருக்குது, நான் வரட்டுமா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் கட் ஆயிருச்சோன்னு போனைப் பாத்தேன், ஆகலை. மூச்சு கேக்குது. எனக்கு நாக்கு நுனியில ஒரு நூறு வார்த்தை நிக்குதுங்க. ஒண்ணையும் விடலை. கட்டுத்தறிக் கம்பத்தைப் புடிச்சுட்டு நின்னேன்.

"வாங்க"ன்னுச்சு.

அவ்வளவுதான். வெச்சுருச்சு.

பக்கத்து வீட்டுல மாட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டுக் காத்தால ஈரோடு வந்து இந்தச் சென்னை ரயில் ஏறிட்டேன். அப்ப இருந்து அந்த ஒரு வார்த்தையையே போட்டுப் பாத்துட்டு வர்றேன். ஆசையாச் சொல்லுச்சா, அலுத்துப் போய்ச் சொல்லுச்சா, வந்து தொலைங்கன்னு சொல்லுச்சா. 'வா' கொஞ்சம் நீண்டுச்சு. 'ங்க' எறங்கிருச்சு. இல்லை, எறங்கலையோ என்னமோ. எத்தனை டைரக்டருக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கறேன், இந்த இடத்துல இந்த உணர்ச்சி வரலை, அந்த இடத்துல குரல் பத்தலைன்னு. இது எனக்குப் புடிபடலைங்க.

நீங்க என்ன நினைக்கறீங்க சார்? சொல்லுங்க. நான் பேசலை.